இருபத்து மூன்றாம் வெண்பா

1889ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், டப்ளின் நகரில் குடற்காய்ச்சலால் ஓர் இயேசு சபைக் குரு இறையடி சேர்ந்தார். வயது 44. கல்லூரியில் கிரேக்கம் கற்பித்தவர். விடைத்தாள் திருத்தியே களைத்தவர். ஆங்கிலக் கவிதையில் அவர் பெயர் நிலைக்கப் போகிறது என்பதை உடனிருந்தோர் அறியார். அவர்தாம் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ்.

துறவு பூணுமுன், 1868இல், தம் கவிதைகளைத் தீயிலிட்டவர் அவர். அதன்பின் ஏழாண்டுகள் ஏறத்தாழ ஏதும் எழுதவில்லை. 1875 டிசம்பரில் 'டாய்ச்லாந்து' என்னும் கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்தருகே உடைந்தது. ஜெர்மனியின் சட்டங்களால் நாட்டைவிட்டு வெளியேறிய பிரான்சிஸ்கன் கன்னியர் ஐவர் அதில் மாண்டனர். இதைப்பற்றி யாரேனும் எழுதலாமே என்று இல்லத் தலைவர் சொன்ன சொல்லையே அனுமதியாகக் கொண்டு நெடுங்கவிதை ஒன்றை எழுதினார். தம் சபையார் நடத்திய 'தி மந்த்' இதழுக்கு அனுப்பினார். முதலில் ஏற்றார்கள், பின்னர் வெளியிடவில்லை. (கத்தோலிக்க இதழொன்றில் இதை எழுதும்போது கை சற்றே தயங்குகிறது.)

தாள்களைக் காத்து வைத்தவர் நண்பர் இராபர்ட் பிரிட்ஜஸ். 1918இல் அவற்றை நூலாக்கினார். 750 படிகள்தாம் அச்சாயின. இரண்டாம் பதிப்பு 1930இல்தான் வந்தது.

காலம் கடந்தேனும் வெற்றி வந்ததே என்று நாம் ஆறுதல் கொள்வது வழக்கம். எனக்கு அது நிறைவளிப்பதில்லை. அது வெற்றியின் நாளைத் தள்ளி வைக்கிறதேயன்றி அளவுகோலை மாற்றவில்லை. பிரிட்ஜஸ் அந்தத் தாள்களைத் தொலைத்திருந்தால்? அதே சொற்கள், அதே செபம், அதே உழைப்பு தோல்வியாகியிருக்குமோ?

நேர்மையான இலக்கியத் திறனாய்வாளர் கிறிஸ்து ஒருவரே என்று ஹாப்கின்ஸ் 1878இல் நண்பர் டிக்சனுக்கு எழுதினார். அப்படி எழுதியவரே கடைசி ஆண்டுகளில், தாம் தொட்டது எதுவும் பலன் தரவில்லையே என்று நொந்தார். விசுவாசம் அவருடைய வலியைத் துடைத்துவிடவில்லை. அதை மறைத்து அவரைப் புன்னகைக்கும் சுரூபமாக்க வேண்டியதில்லை. நம் ஆண்டவர் எழுதியதாக நற்செய்தி கூறுவதும் ஒரே நிகழ்ச்சியில்தான்: தரையில், விரலால். என்ன எழுதினார் என்று யோவான் குறிக்கவில்லை.

முன்பு நான் பணியாற்றிய பங்கில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். புனித சூசையப்பர்மீது நூறு வெண்பாவில் அந்தாதி பாடி, அந்த ஒரே நோட்டை என்னிடம் தந்தார். "படித்தீர்களா சாமி?" என்று ஒருமுறை கேட்டார். திருவிழா வேலை என்றேன். உண்மையில் நான் அதைத் திறக்கவேயில்லை. மறு ஆண்டு அலமாரியைத் திறந்தபோது கரையான் படித்து முடித்திருந்தது.

எழுதியதை இறைவன் அறிவார் என்பது எழுதியவருக்கு ஆறுதலாகலாம். படிக்காமல் விட்ட எனக்கு அதுவே சாக்காகிவிட முடியுமா?

அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கொஞ்சம் மனப்பாடமாக இருக்கிறது சாமி, சொல்லட்டுமா?" என்றார். கோவில் திண்ணையில் அமர்ந்தோம். அந்தாதியாதலால் ஒவ்வொரு பாட்டின் ஈறும் அடுத்ததை எடுத்துக் கொடுத்தது. இருபத்து மூன்றாம் வெண்பாவை முடித்து நின்றுவிட்டார். அடுத்த பாட்டு எந்தச் சொல்லில் தொடங்கும் என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.