இரண்டாவது தோட்டா

மச்சான் மகன் போன மாதம் வந்தவன், காப்பியைக்கூடத் தொடாமல் கேட்டான்: "மாமா, பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியில பேரலுக்கு அடியில ஒரு குழாய் இருக்குல்ல, தோட்டா வரிசையா நிக்கிறது. அதை லேத்துப் பட்டறையில குடுத்து நீட்டிக்கிட்டா ரெண்டு மூணு தோட்டா கூடப் பிடிக்கும். பன்னி கூட்டம் கூட்டமா வருது. இதுல என்ன பாவம் இருக்கு?"

குற்றம் என்ன என்று கேட்டிருந்தால் பதில் சுலபம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றவும் அதற்கென்று உரிமம் வேண்டும்; லேத்துப் பட்டறைக்கு அது கிடையாது. ஆனால் அவன் கேட்டது பாவத்தைப் பற்றி.

அவன் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். சுருளிப் பக்கம் மலையடியில்தான் எங்கள் தோட்டமும். ஒரே ராத்திரியில் நாற்பது வாழைக்கன்றைக் கிழங்கோடு தோண்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கும். விடிந்து போய் நின்றால் ஈர மண்ணில் பிளந்த குளம்புத் தடம், மென்று துப்பிய கிழங்குச் சக்கை. 2025 ஜனவரியில் வந்த அரசு ஆணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். முதல் கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. எங்கள் வாழை நிற்பது அந்த முதல் கிலோமீட்டரில்.

கொல்லாமை என்ற அதிகாரத்தை வள்ளுவர் துறவறவியலில் வைத்தார். அப்படியானால் இல்லறத்தான், அதிலும் உழவன், என்ன செய்வது? கொடியவரைத் தண்டிப்பதற்குக் களையெடுப்பையே உவமை சொன்னவரும் அவர்தான். களை பிடுங்காமல் பயிர் ஏது? இதை வைத்துக்கொண்டு பன்றியும் களைதான் என்று வாதாடலாம். நானே வாதாடியிருக்கிறேன், ஒரு ராத்திரி வரைக்கும்.

அப்பாவிடம் இருந்தது பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கிய சிங்கிள் பேரல். மடக்கி, ஒரு தோட்டாவைப் போட்டு, நிமிர்த்த வேண்டும். சுட்ட பிறகு மறுபடி மடக்கி, சூடாக இருக்கும் வெற்றுக் கூட்டை விரலால் உருவ வேண்டும். அப்பா தோட்டத்துக்கு ஒரே ஒரு தோட்டாதான் கொண்டுபோவார், அதுவும் வானத்தைப் பார்த்துச் சுட. மீதி வீட்டுப் பெட்டியில். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அவருக்குக் காய்ச்சல் என்று நான் காவலுக்குப் போனேன். மேலே சுட்டேன். கூட்டம் ஓடியது. ஓடின பிறகும் கரும்புக்குள் ஒன்று சரசரத்தது. எனக்கு வெறி. இந்த முறை வானத்தைப் பார்த்து இல்லை என்று முடிவுகட்டி மடியைத் தடவினேன். தோட்டா இல்லை. கரும்பு விலகியது. தலையில் துண்டும் தோளில் மண்வெட்டியுமாக, முறைத் தண்ணீருக்கு மடை மாற்ற வந்த பெரியவர்.

அந்தத் தோட்டா மடியில் இருந்திருந்தால், நான் களை பிடுங்கியதாகத்தான் நினைத்துக்கொண்டு சுட்டிருப்பேன்.

அமெரிக்காவில் வலசை வாத்து சுடுகிறவர்களுக்கு 1935 முதல் ஒரு விதி. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் நிரப்ப முடியக்கூடாது. அதற்காக, இவன் நீட்டச் சொல்கிற அதே குழாய்க்குள் ஒரு மரக்கட்டையைச் செருகி இடத்தை அடைத்துவிடுகிறார்கள். வாத்து இனம் அற்றுப்போகாமல் இருக்க வந்த விதி. எனக்கு அது சுடுகிறவனுக்கும் வைத்த கட்டையாகவே படுகிறது. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் கை சும்மா இருக்கிற நேரத்தில்தான் கண் பார்க்கிறது. அந்த நேரத்தைத் தின்பதற்குத்தான் குழாய் நீள்கிறது. பாவம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் அங்கேதான் காட்டுவேன்.

சுருளி வேலப்பரைக் கும்பிடுகிற ஊர் நாங்கள். அவர் கைப்பிடித்த வள்ளியும் புனம் காத்தவள்தான். பரண்மேல் நின்று ஆலோலம் பாடினாள், கவண் எறிந்தாள். விரட்டுவதுதான் காவல் என்று இருந்தவள். அப்பா வானத்தைப் பார்த்துச் சுட்டதும் அந்த வழிதான் என்று இப்போது தோன்றுகிறது.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். "அப்ப நஷ்டத்துக்கு யாரு மாமா பதில் சொல்றது?" என்றான். நியாயமான கேள்வி. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. சாயங்காலம் அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மடையில் அந்தப் பெரியவர் நின்றிருந்தார், எண்பதைத் தாண்டியும் அதே மண்வெட்டியோடு. "யாரு, மருமகப்பிள்ளையா?" என்று இவன் தோளைத் தட்டினார்.

அந்த ராத்திரியைப் பற்றி இன்றுவரை அவரிடம் நான் சொன்னதில்லை.