டிராக்குக்கு எந்த வண்டி?

முத்தியால்பேட்டையில் கார் ட்யூனிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர், டிராக்கில் மட்டும் ஓட்டுவதற்கென்று ஒரு வண்டி எடுக்கப் பார்க்கிறார். டர்போ போலோவா, பழைய மாருதி எஸ்டீமா? "போலோன்னா கடைக்குப் பேர் வரும்ணே" என்கிறார். நியாயம்தான். ஒரு ரீமேப்பில் குதிரைத்திறன் எவ்வளவு ஏறியது என்று கடைக்கு வருகிறவரிடம் காட்டலாம்.

எனக்கோ கோயம்புத்தூர் கரிவரதன்தான் நினைவுக்கு வருகிறார். ஆலை அதிபர் குடும்பத்துப் பிள்ளை; சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் எண்பதுகளின் இறுதியில் பந்தயக் கார் கட்ட அவர் எடுத்தது மாருதி 800-இன் எஞ்சினை. 796 சிசி, மூன்று சிலிண்டர். குடும்பத்தோடு திருப்பதி போய்வருகிற வண்டியின் எஞ்சின்! எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரியும். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்றானபின், முந்தியவர் எதனால் முந்தினார் என்பதை மறைக்க இடமில்லை. ஃபார்முலா மாருதி என்ற அந்தப் பந்தய வகையின் வழியே வளர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அதைக் காண கரிவரதன் இல்லை. 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்து டிராக் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், மதிய வெயிலில், டர்போ வண்டியை நாலைந்து லேப் விரட்டிப் பாருங்கள். உள்ளே இழுக்கும் காற்று சூடேறும், நாக்கிங் வராமலிருக்க ஈசியூ தானாகவே இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும், இழுவை குறையும். லேப் நேரம் இரண்டு விநாடி கூடிவிட்டால், குற்றம் டயரிலா, சூட்டிலா, ஓட்டியவர் கையிலா? பிரித்துச் சொல்வது கடினம். பிரேக்கிலும் இதே கதை. 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 120-லிருந்து நிறுத்தும்போது பிரேக் 44 சதவீதம் கூடுதல் சூட்டைத் தாங்க வேண்டும். எடை கூடினால் அதற்கும் மேல். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் கீழே இறங்கிவிடும்.

எஸ்டீம் ஒரு டன்கூட இல்லை, டர்போவும் கிடையாது. டயரில் இரண்டு பிஎஸ்ஐ குறைத்தால் அடுத்த வளைவிலேயே ஸ்டியரிங் சொல்லிவிடும். வளைவில் விட்ட நேரத்தை நேர்ப்பாதையில் ஆக்சிலரேட்டரை மிதித்து மீட்கவும் முடியாது. ஊரார் வண்டியில் கைவைத்துப் பிழைக்கிறவருக்கு இப்படிப்பட்ட வண்டிதான் வேண்டும். பலம் ஏற ஏற, தவறு அதற்குள் ஒளிந்துகொள்கிறது. வண்டிக்கு மட்டுமா? பணத்துக்கும் பதவிக்கும் இதே கதிதான். தன் வேலை சரியா என்று அறிய விரும்புகிறவர், தன் பிழையை மூடிமறைக்கும் அளவுக்கு வலுவில்லாத ஒன்றைத் தேடி எடுக்க வேண்டும்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மாற்றிய வண்டியைச் சோதிக்க ஈசிஆரில் இறக்க வேண்டாம். வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஒருபக்கம் இருக்கட்டும். அந்தச் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். இன்னொன்று, எஸ்டீம் தயாரிப்பு 2007-லேயே நின்றுவிட்டது. நம்முடையதோ கடலோர ஊர். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் தரைவிரிப்பைத் தூக்கி, அடித்தகட்டில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். மிச்சமாகும் பணத்துக்கு நல்ல பிரேக் பேடும் டயரும் வாங்குங்கள்.