வெற்றி மறைத்த சினம்

ஆசிரியன் தன் மாணவனுக்கு எத்தனையோ பாடங்களைச் சொல்லிக் கொடுக்கிறான். அவற்றுள் மாணவன் மனத்தில் நிலைத்து நிற்பது எது? ஆசிரியன் வாயால் சொன்னதா? அல்லது சினம் தலைக்கேறிய வேளையில் அவன் நடந்துகொண்ட விதமா? முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. செய்யாத குற்றத்திற்காக ஒரு சிறுவனைப் பிரம்பால் அடித்துவிட்டேன். உண்மை தெரிந்தபின் வருந்தினேன். இன்று அவன் பிள்ளைகுட்டிக்காரன். என்னைக் காணும்போதெல்லாம் அன்போடு ஸலாம் சொல்கிறான். நான் கற்பித்த இலக்கண விதிகளுள் ஒன்றுகூட அவனுக்கு நினைவில்லை. அந்த அடி மட்டும் நினைவிருக்கிறது.

கோபக்காரரான ஒரு நல்லாசிரியரை நாம் எப்படி எடைபோடுவது? அவருடைய நன்மைகளுக்காகக் கோபத்தைப் பொறுத்துக்கொள்வதா? கோபத்திற்காக நன்மைகளை மறந்துவிடுவதா? இதை ஆராய, அமெரிக்க நாட்டின் ஒஹையோ மாநிலத்தில் வாழ்ந்த ஒருவரின் வரலாறு நமக்குத் துணை செய்யும். வேய்ன் உட்ரோ ஹேய்ஸ் என்பது அவர் பெயர். மக்கள் வூடி ஹேய்ஸ் என்று அழைத்தனர். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர் அவர்.

அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, எதிரணியினர் பாய்ந்து வீழ்த்த முற்படும்போதே முன்னேறிச் செல்லும் முரட்டு ஆட்டம் அது. பல்கலைக்கழக அணிகள் மோதும் நாளில் ஊரே திரண்டுவிடும். கொலம்பஸ் நகரில் அப்பல்கலைக்கழகத்துக்கு உள்ள அரங்கில் இன்று ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் அமரலாம். அத்தகைய ஊரில் வெற்றி தேடித் தரும் பயிற்சியாளரின் செல்வாக்கு எத்தகையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஹேய்ஸ் 1951 முதல் 1978 வரை, 28 பருவங்கள் அப்பொறுப்பில் இருந்தார். 205 ஆட்டங்களில் அவருடைய அணி வென்றது. 61 ஆட்டங்களில் தோற்றது. 10 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. அவர் வெறும் ஆட்டக்காரர் அல்லர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றியவர்; வரலாற்று நூல்களை விரும்பிப் படித்தவர். தம் வீரர்கள் ஆட்டத்தோடு நின்றுவிடாமல் படித்துப் பட்டம் பெற வேண்டுமென்று வற்புறுத்தியவர். மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளுக்கு ஆறுதல் கூறியவர். நமக்கு உதவியவர்க்குக் கைம்மாறு செய்ய இயலாமற் போகலாம். நமக்குப் பின் வருவோர்க்கு அவ்வுதவியைச் செய்து அக்கடனைத் தீர்க்கலாம் என்பது அவர் ஓயாது கூறிவந்த அறிவுரை. எவ்வளவு உயர்ந்த பாடம்!

ஆனால், அதே மனிதரிடம் அடங்காத சினமும் குடியிருந்தது. 1971ஆம் ஆண்டு மிச்சிகன் அணியுடன் நடந்த ஆட்டத்தில், நடுவரின் தீர்ப்பு பிடிக்காமல் எல்லைக்கோட்டில் இருந்த அடையாளக் கருவியைப் பிய்த்தெறிந்தார். 1973 ஜனவரி முதல் நாள், கலிபோர்னியாவில் ரோஸ் பவுல் ஆட்டம் தொடங்குமுன், படமெடுக்க வந்த பத்திரிகைப் புகைப்படக்காரரின் முகத்தோடு அவருடைய கேமராவையே தள்ளி மோதினார். வழக்குப் பதிவாகிப் பின்னர் கைவிடப்பட்டது. 1977இல் மீண்டும் மிச்சிகனுடன் ஆட்டம். தம் வீரர் பந்தைத் தவறவிட்ட வேளையில், தம்மைப் படம் பிடித்துக்கொண்டிருந்த தொலைக்காட்சி ஒளிப்பதிவாளரைக் குத்தினார்.

‘தோல்வியின் வேதனையில் நிற்கும் ஒருவரின் முகத்தருகே கருவியை நீட்டலாமா? அது மட்டும் நாகரிகமா?’ என்று அவருக்காகப் பரிந்து பேசுவோர் உண்டு. நியாயமான கேள்விதான். பிறர் நிலைகுலைந்து நிற்கையில் பார்வையைத் தாழ்த்திக்கொள்வது நல்லோர் பழக்கம். ஆனால், எந்தக் கருவிகள் அவரைப் படம் பிடித்தனவோ, அவைதாம் அவருடைய வெற்றிகளையும் நாடெங்கும் கொண்டு சென்றன. புகழைச் சுமந்துவரும்போது கேமரா நண்பன்; குறையைக் காட்டும்போது பகைவன் என்றால், அது இன்ஸாஃப் ஆகுமா?

பத்திரிகைகள் குற்றமற்றவை என்று நான் கூறவரவில்லை. 1961இல் நடந்ததைக் கேளுங்கள். அவ்வாண்டு ஹேய்ஸின் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் நின்று, ரோஸ் பவுல் ஆட்டத்திற்கு அழைக்கப்பட்டது. கல்வியைக் கால்பந்து விழுங்கிவிடுமோ என்று அஞ்சிய பேராசிரியர் மன்றம், 28க்கு 25 என்ற வாக்கில் அவ்வழைப்பை மறுத்துவிட்டது. மாணவர்கள் கொதித்தெழுந்து தெருவில் இறங்கினர். உள்ளூர் நாளிதழோ, மறுத்து வாக்களித்தவர்களின் பெயர்களையும் முகவரிகளையும் அச்சிட்டது. எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பது போன்ற செயல் அன்றோ இது? அவ்வேளையில் ஹேய்ஸ் என்ன செய்தார்? அம்முடிவில் தமக்கு உடன்பாடில்லை என்றும், வாக்களித்தோரின் நேர்மையை மதிப்பதாகவும் கூறினார்.

இந்நிகழ்ச்சியை இரண்டு காரணங்களுக்காக நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று, பத்திரிகையின் பேனாவும் அநீதி இழைக்கக்கூடும். மற்றொன்று, பேரிழப்பு நேர்ந்தபோதும் ஹேய்ஸால் தம்மை அடக்கிக்கொள்ள முடிந்தது. அடக்க முடிந்தவர் அடக்காமல் விட்டால், ‘அது அவருடைய சுபாவம்’ என்று சொல்லி நாம் தப்ப முடியாது. கேமராவை ஏந்தியவர் மரியாதை தவறியிருந்தாலும், ஓங்கிய கை ஓங்கியவருடையதே.

முடிவு 1978 டிசம்பர் 29ஆம் நாள் வந்தது. ப்ளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில், கேட்டர் பவுல் ஆட்டம். எதிரணி க்ளெம்ஸன் 17 புள்ளிகளும், ஒஹையோ ஸ்டேட் 15 புள்ளிகளும் பெற்றிருந்தன. ஆட்டம் முடியும் தறுவாயில், ஹேய்ஸின் அணி எறிந்த பந்தை க்ளெம்ஸன் வீரர் ஒருவர் இடைமறித்துப் பிடித்தார். எல்லைக்கு வெளியே, ஹேய்ஸ் நின்ற பக்கத்திலேயே அவர் விழுந்து எழுந்தபோது, அறுபத்தைந்து வயதுப் பயிற்சியாளர் அந்த இளைஞரின் கழுத்தருகே குத்தினார். வருணனையாளர்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. ஆயினும் படம் நாட்டு மக்களின் கண்முன் ஓடிவிட்டது. மறுநாள் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

நீக்கியவர் யார்? பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஹ்யூ ஹிண்ட்மன். மியாமி பல்கலைக்கழகத்தில் ஹேய்ஸிடம் பயின்று ஆடியவர். பின்னர் அவருக்கு உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தவர். தம் உஸ்தாதின் முன் நின்று ‘உங்கள் பணி முடிந்தது’ என்று சொல்லும் நிலை எந்த மாணவனுக்கும் வர வேண்டாம். ஆனால், அக்கடமை அவர் தலையில் விழக் காரணமானவர்கள் யார்? 1971இல் பார்த்துச் சிரித்தவர்கள்; 1973இல் ‘போகட்டும்’ என்றவர்கள்; 1977இல் அணிகளின் கூட்டமைப்பு கண்டித்த பிறகும் ‘வெற்றி தருகிறாரே’ என்று பேசாதிருந்தவர்கள். உரிய காலத்தில் நெருங்கியோர் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தால், அந்த இளைஞர் அடிபட்டிருக்கமாட்டார், ஆசிரியரும் அவமானப்பட்டிருக்கமாட்டார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1986இல் அதே பல்கலைக்கழகம் ஹேய்ஸை அழைத்துச் சிறப்புப் பட்டம் அளித்தது. பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் முன் அவர் உரையாற்றினார். பின் வருவோர்க்கு உதவிக் கடன் தீர்க்க வேண்டுமென்ற தம் பழைய பாடத்தையே சொன்னார். அடுத்த ஆண்டு, 1987 மார்ச் 12ஆம் நாள் காலமானார்.

அப்பல்கலைக்கழகம் இருமுறை செய்ததில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் கருதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குற்றத்திற்குரிய தண்டனையை வெற்றிகளைக் காட்டிக் குறைக்கவில்லை. நன்மைக்குரிய மரியாதையைக் குற்றத்தைக் காட்டி மறுக்கவுமில்லை. கேமரா பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு நொடியைத்தான் காட்டியது. எஞ்சிய ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பது மனிதரின் வேலை. என் கருத்தில் அவர்கள் தவறிய இடம் ஒன்றே: முதற்குற்றத்தைக் கண்டபோதே கண்டிக்காமல் இருந்ததுதான்.

நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள், நாம் மதிக்கிறோம், அவர்கள் தயவில் வாழ்கிறோம். அவர்களுடைய கை ஓங்கும்போது ‘பெரியவர்தானே’ என்று தலைகுனிந்து நிற்கிறோம். மரியாதை என்று நாம் நினைக்கும் அந்த மௌனம் அவர்களுக்கே செய்யும் துரோகமாகக் கூடும். அந்தச் சிறுவனை நான் அடித்த அன்று, பக்கத்து வகுப்பில் ஓர் ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். ‘பொறுங்கள், முதலில் விசாரியுங்கள்’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இன்றும் எண்ணுகிறேன்.