தபால் வந்தா வாங்கி வைங்க!

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?

கேஸை மூடியாச்சா? மோட்டார் சுவிட்ச்? சிறுவாணிக் குழாய்? பால்காரரிடம் சொல்லியாச்சா? பேப்பர் போடும் பையனிடம்? இப்படி ஒரு பெரிய லிஸ்ட் ஓடும். எல்லாம் முடிந்து, வாசலில் ஆட்டோ வந்து நின்ற பிறகுதான் கடைசி ஐட்டம் ஞாபகத்துக்கு வரும். பக்கத்து வீட்டு கேட் அருகே ஓடுவீர்கள்.

“ஏனுங்க்கா... ஒரு பத்து நாள் ஊர்ல இருக்க மாட்டமுங்க. தபால் ஏதாச்சும் வந்தா வாங்கி வெச்சுருங்க.”

“அதுக்கென்ன கண்ணு, நிம்மதியா போய்ட்டு வாங்க.”

பத்து விநாடிகூட ஆகாது. கணபதியிலும் வடவள்ளியிலும் சிங்காநல்லூரிலும் ஒவ்வொரு மே மாதமும் இந்த வசனம் தெருவுக்குத் தெரு ஒலிக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்?

இருக்கிறது. அந்தப் பத்து விநாடியில் இரண்டு பேர் இரண்டு கடமைகளை ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்குமே அது தெரிவதில்லை. அதுதான் சிக்கல்.

முதலில் ஊருக்குப் போகிறவரின் கடமை.

‘இப்பல்லாம் யார் சார் லெட்டர் போடறாங்க?’ என்று சிரிக்காதீர்கள். நலம் விசாரிக்கும் கடிதம் குறைந்துவிட்டது, வாஸ்தவம். ஆனால் வருகிற ஒவ்வொன்றும் கனமாக வருகிறது. பாஸ்போர்ட் தபாலில்தான் வருகிறது. 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் டிரைவிங் லைசென்ஸும் ஆர்.சி. புத்தகமும்கூட ஸ்பீட் போஸ்ட்டில்தான். செக் புக், பாங்க் கார்டு, கோர்ட் சம்மன், வக்கீல் நோட்டீஸ்... குறுஞ்செய்தி யுகத்திலும், விளையாட்டில்லாத விஷயங்கள் காக்கி உடையில் சைக்கிளிலோ மொபெட்டிலோதான் வருகின்றன.

கொங்கு நாட்டில் செக் இல்லாமல் வியாபாரம் இல்லை. நூல் கடனுக்கு செக், சாயப்பட்டறைக்கு செக், லாரி வாடகைக்கு செக். ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். திருப்பூரில் சின்னதாக பனியன் ஜாப் ஒர்க் செய்கிற ஒருவர். அவர் கொடுத்த செக் ஒன்று பணமில்லாமல் திரும்பிவிட்டது. அது தெரியாமல் குடும்பத்தோடு காசிக்குப் புறப்பட்டுவிட்டார். வீடு மூன்று வாரம் பூட்டு. பணம் வரவேண்டியவர் சும்மா இருப்பாரா? சட்டப்படி நோட்டீஸ் அனுப்புகிறார். தபால்காரர் வருகிறார், பூட்டைப் பார்க்கிறார், ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று கவரில் எழுதுகிறார். சில நாள் அஞ்சலகத்தில் வைத்திருந்துவிட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடுகிறார்கள்.

நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாளைக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் கேஸ் இல்லை என்கிறது செலாவணி முறி ஆவணங்கள் சட்டத்தின் 138-வது பிரிவு. நம் காசி யாத்ரிகருக்குத்தான் நோட்டீஸே கிடைக்கவில்லையே? அப்படியானால் அவர் தப்பித்தாரா?

அதுதான் இல்லை! சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருந்தால், அது போய்ச் சேர்ந்ததாகவே கருதலாம் என்கிறது 1897-ம் வருடத்துப் பொது விதிகள் சட்டம். 2007-ல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ‘எனக்கு நோட்டீஸ் வரவில்லை’ என்று நிரூபிக்க வேண்டியது செக் கொடுத்தவரின் பொறுப்பு. பூட்டைக் காட்டினால் மட்டும் போதாது.

படித்தவுடன் கோபம் வரும். ஊரில் இல்லாதவன் என்ன செய்வான், இது அநியாயமில்லையா என்று தோன்றும். ஒரு நிமிடம் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். பூட்டு இருந்தால் நோட்டீஸ் செல்லாது என்று வைத்துக்கொள்வோம். கடன் வாங்கிய ஒவ்வொருவரும் ஐம்பது ரூபாய்க்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டிவிட்டுப் போய்விட மாட்டார்களா? பணம் கொடுத்தவன் யாரிடம் போய் அழுவான்?

அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. உண்மையாகவே நோட்டீஸ் கிடைக்காதவர் கோர்ட் சம்மன் கைக்கு வந்த 15 நாளைக்குள் பணத்தைக் கட்டிவிடலாம்; புகாரைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கலாம். ஏமாற்றுகிறவனுக்குப் பூட்டு உதவாது. நிஜமாக ஊரில் இல்லாதவனுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது.

இதற்குள் ஒரு பெரிய தத்துவம் இருக்கிறது. விலாசம் என்றால் என்ன? கதவு எண், தெருப் பெயர், 641-ல் ஆரம்பிக்கும் ஆறு இலக்கம். 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்ததிலிருந்து நாம் எத்தனை ஆயிரம் தடவை எழுதிக் கொடுத்திருப்போம்! பாங்க்கில், ஸ்கூலில், சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில், கடன் பத்திரத்தில். ஒவ்வொரு முறை எழுதும்போதும், ‘இங்கே தேடினால் நான் கிடைப்பேன்’ என்று எதிராளிக்கு வாக்குக் கொடுக்கிறோம். லீவு நமக்குத்தான். வாக்குக்கு லீவு கிடையாது.

சொந்தபந்த விஷயத்திலும் இதே சட்டம்தான். நம் பக்கம் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து, கையில் கொடுத்து அழைக்க வேண்டும். “நாங்க வந்தமுங்க, ஊடு பூட்டியிருந்துச்சு. கேட்டுல சொருகிட்டு வந்தமுங்க” என்பார் மாமா. “எங்களை யாரு கூப்பிட்டா?” என்பார் பெரியம்மா. இந்த ஒரு பூட்டினால் பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டா, இல்லையா? உங்களுக்கே தெரியும்!

ஆகவே ஊருக்குப் போகிறவர், தனக்குப் பதிலாக ஒருவரை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அமெரிக்காவில் இதைத் தபால் துறையே செய்கிறது. 3 நாளிலிருந்து 30 நாள் வரை ‘என் தபாலை நிறுத்தி வையுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். இங்கிலாந்தில் ராயல் மெயில் கட்டணம் வாங்கிக்கொண்டு 100 நாள் வரை வைத்துக்கொள்கிறது. நம் ஊரிலும் உங்கள் பகுதி அஞ்சலகத்துக்குப் போய், இன்னார் என் தபாலை வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்கலாம். இது இப்போது முன்னைவிட அவசியம். 2025-ல் பதிவுத் தபால், ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. அனுப்புகிறவர் கூடுதலாகப் ‘பதிவு’ சேவைக்கும் பணம் கட்டியிருந்தால், பெயருக்குரியவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கையெழுத்துப் போட அவருக்கு உங்கள் எழுத்து வேண்டும்.

சரி, நம்மில் எத்தனை பேர் அஞ்சலகம் வரை போகப் போகிறோம்? பக்கத்து வீடுதான் கதி.

இப்போது அந்த அக்காவின் கடமைக்கு வருவோம்.

பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா ஞாபகம் இருக்கும். அடுத்தவர் பொருளை ஒரு காரியத்துக்காக வாங்கி வைத்திருந்து, காரியம் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதற்கு ‘பெய்ல்மென்ட்’ என்று பெயர். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு என்ன சொல்கிறது? சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘எல்லா ஒப்படைப்புகளிலும்’ என்று அது தொடங்குகிறது. கூலி வாங்கினால் ஒரு கவனம், சும்மா செய்தால் ஒரு கவனம் என்ற பேதமே அதில் கிடையாது. ‘ஓசியிலதானே வெச்சிருந்தேன்’ என்பது சட்டத்தில் செல்லாது.

ஜெர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ட் 1793-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இப்படி ஓர் உதாரணம் வரும். ஒருவர் நம்பிக் கொடுத்துவைத்த பொருள். கொடுத்தவர் இறந்துவிட்டார். வாரிசுகளுக்கு விஷயமே தெரியாது. வாங்கி வைத்தவரோ கஷ்டத்தில் இருக்கிறார். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி. எடுத்துக்கொள்ளலாமா? எட்டு, ஒன்பது வயதுக் குழந்தையைக் கேட்டால்கூடக் கூடாது என்றுதான் சொல்லும் என்கிறார் கான்ட்.

நகை விஷயத்தில் கான்ட் சொன்னது போதும். எடுக்காமல், தொலைக்காமல் வைத்திருந்தால் கடமை முடிந்தது. மூன்று வாரம் பீரோவில் இருந்தாலும் பவுன் பவுன்தான்.

கடிதம் அப்படியில்லையே!

கடிதம் பால் மாதிரி. நாள் ஆக ஆகக் கெட்டுவிடும். இன்டர்வியூ தேதி தாண்டிவிட்டால் அது வெறும் காகிதம். 15 நாள் கெடு முடிந்துவிட்டால் நோட்டீஸ் வம்பாகிவிடும். டி.வி. மேல் பத்திரமாக அடுக்கி, தூசிகூடப் படாமல் வைத்திருந்து, ஊரிலிருந்து வந்ததும் புன்னகையோடு எடுத்துக் கொடுக்கிற அந்த நல்ல அக்கா... கடமையைச் செய்தாரா, செய்யவில்லையா? வாங்கி வைத்தார். பார்த்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் பிரித்துப் பார்த்திருக்க வேண்டுமா?

இங்கேதான் கத்தி மேல் நடக்க வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. நம் பக்கம் வீடுகள் தோட்டத்துக்குத் தோட்டம் தள்ளித் தள்ளி இருக்கும். சாளை சாளையாகத் தபால் கொண்டுபோக முடியாமல், ஊர் நடுவில் டீக்கடையிலோ மளிகைக் கடையிலோ கொடுத்துவிட்டுப் போவார்கள். போஸ்ட் கார்டை நாலு பேர் படித்த பிறகுதான் உரியவர் படிப்பார். தந்தி வந்தால் கேட்கவே வேண்டாம். வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் பிரித்துவிடுவார். யாரும் குற்றம் சொன்னதில்லை. 2013 ஜூலையில் தந்தி சேவையே நின்றுபோனது. அதோடு அந்த வழக்கமும் போய்விட்டது.

தந்தியைப் பிரித்தது சரியென்றால், அவசரமாகத் தெரிகிற கவரைப் பிரிப்பதும் சரிதானே என்று நீங்கள் வாதாடலாம். நல்ல எண்ணம்தானே?

எனக்குச் சம்மதமில்லை. தந்தி கொடுத்தவர் யார் கையிலாவது சீக்கிரம் சேர்ந்தால் போதும் என்று நினைத்தார். கவரை ஒட்டியவர், இன்னார் மட்டும் படித்தால் போதும் என்று நினைத்து ஒட்டியிருக்கிறார். அந்தப் பசையில் உங்களை நம்பிப் போனவரின் நம்பிக்கை மட்டுமில்லை, முன்பின் தெரியாத இன்னொருவரின் நம்பிக்கையும் இருக்கிறது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டாக இருக்கலாம். கடன் விவகாரமாக இருக்கலாம். படித்ததைப் படிக்காததாக ஆக்கிக்கொள்ள யாராலும் முடியாது. அப்புறம் அந்த வீட்டுக்காரரை நீங்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பிரிக்கவும் கூடாது, சும்மா வைக்கவும் கூடாது. வேறென்ன செய்வது? கவருக்கு வெளியே இருப்பதே போதும். அனுப்பியவர் பெயர், ஊர், ஸ்பீட் போஸ்ட்டா, வக்கீல் முத்திரை இருக்கிறதா? அன்றைக்கே ஒரு போன்: “கோர்ட்ல இருந்து வந்தாப்பல இருக்குதுங்க. என்ன செய்யட்டும்?” அவ்வளவுதான். பிரித்துப் படிக்கச் சொன்னால் படியுங்கள். வேண்டாம் என்றால் வையுங்கள். போன் கிடைக்கவில்லையா? மகனுக்கு, மச்சானுக்கு, யாருக்காவது விடாமல் முயற்சி செய்யுங்கள். முடிவு எடுக்க வேண்டியவர் அவர். அவர் காதில் விழ வைக்க வேண்டியவர் நீங்கள். வம்புக்கும் அலட்சியத்துக்கும் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அதற்குப் பெயர்தான் அக்கறை.

சரி, கேட்கவே பக்கத்து வீட்டில் ஆள் தெரியாதவர்கள் என்ன செய்வது? அபார்ட்மென்ட் வாழ்க்கையில் எதிர் ஃபிளாட்காரர் பெயர் தெரியாது. செக்யூரிட்டி மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார். பூட்டிய கேட்டுக்குள் குவிந்து கிடக்கும் பேப்பரும் தபாலும், ‘இங்கே ஆள் இல்லை’ என்று திருடனுக்கு நாமே மாட்டும் போர்டு. லீவுக்கு லீவு போலீஸார் சொல்வதைப் போல ஸ்டேஷனில் தகவல் கொடுக்கலாம். நல்லதுதான். ஆனால் போலீஸ்காரர் உங்கள் கவரைப் பார்த்துவிட்டுப் போன் பண்ண மாட்டார். அதற்கு ஒரு மனுஷர் வேண்டும். அப்படிப்பட்டவரை ஆட்டோ வந்து நிற்கும்போது தேடினால் கிடைக்காது. நீங்கள் யாருக்காவது முன்பு அப்படி இருந்திருந்தால்தான் கிடைப்பார்.

இதற்குக் கூலி என்ன? கூலியில்லாமல் வைத்திருந்தவருக்கு ஏற்பட்ட அவசியச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 158-வது பிரிவு. நாம் அதற்கும் மேலே ஊட்டி வர்க்கியோ பழனிப் பஞ்சாமிர்தமோ சேர்த்துக் கொடுத்துவிடுவோம்! ஆனால் நிஜமான பதில் மரியாதை அது இல்லை. போவதற்கு முன்பே, ‘இன்னின்ன தபால் வரலாம், வந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, கையெழுத்துக்கு லெட்டர் இந்தாங்க’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போவது. நம்புகிறவருக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுப்பதும் நம்பிக்கையில் சேர்த்திதான்.

இந்த லீவில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கேட் அருகே வந்து நின்று, “தபால் வந்தா வாங்கி வெச்சுருங்க” என்று சொல்லலாம். உடனே தலையாட்டிவிடாதீர்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

“முக்கியமா ஏதாச்சும் வர வேண்டியிருக்குதுங்களா?”