பார் வைத்த சைக்கிள்

ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டு முக்கில் பத்து நிமிஷம் நின்றால் போதும். அப்பா, அம்மா, நடுவில் பள்ளிக்கூடப் பையன், பெட்ரோல் டேங்க் மேல் ஒரு கைக்குழந்தை என்று நாலு பேர் ஒரே மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்துவிடலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே முக்கில் ஒரு பெண், இரண்டு வயதுப் பிள்ளையைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து மெதுவாக மிதித்துப் போனால், டீக்கடை பெஞ்சிலிருந்து பூக்காரம்மா வரை எல்லோருக்கும் ஏதாவது சொல்ல இருக்கிறது. "பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு இதென்னத்தா வெளையாட்டு?" அக்கறையோடுதான் கேட்கிறார்கள். மோட்டார் சைக்கிள் போகும்போது அந்த அக்கறை எங்கே போய்விடுகிறது என்பதுதான் எனக்கு விளங்குவதில்லை.

அந்தப் பெண் நான்தான். விடுமுறை நாட்களில் வெயில் ஏறுவதற்குள் மகளை ஏற்றிக்கொண்டு வைகை அணைப் பக்கம் போய் வருவேன். ஆண்டிபட்டியிலிருந்து ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். போகிற வழியில் காங்கிரீட் வீடுகள் குறைந்து தென்னை கூடும். அணைக்கு அருகே போனதும் காற்றில் ஈர வாடை தெரியும். என் மகளுக்கு அணை ஒரு பொருட்டே இல்லை. ரோட்டோரம் கட்டியிருக்கும் ஆடு, மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான், டயர் கடையில் அடுக்கியிருக்கும் டயர் - இவைதான் அவளுக்குப் பயணம். பைக்கில் போனால் இவை எதுவும் கண்ணில் படுமுன் கடந்துவிடும். சைக்கிளில் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி, மணி அடித்து, திரும்பிப் பார்த்துவிட்டுப் போக நேரம் இருக்கிறது.

கணக்காகவே பேசுவோம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மோட்டார் சைக்கிளில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும், ஒன்பது மாதத்துக்கு மேல் ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் கொண்டுவந்த விதி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டையைக் கட்டிய ஒரு குழந்தையைக்கூட எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. மணிக்கு 12 கிலோமீட்டரில் போகிற சைக்கிளையும் 40-ல் போகிற பைக்கையும் ஒப்பிட்டால், வேகம் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். மோதும் வலுவோ வேகத்தின் வர்க்கமாக ஏறி, ஏறக்குறைய பதினோரு மடங்காகிவிடும். பத்தாம் வகுப்பு இயற்பியல் இது.

ஆனால் இந்தக் கணக்கை வைத்து நான் ஜெயித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. எங்களை இடிக்கப்போவது என் வேகம் அல்ல. பின்னால் ஏர்ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் பஸ்ஸின் வேகம். சைக்கிள் பாதுகாப்பானதுதான், சாலைதான் அப்படி இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "சைக்கிள் ஆபத்து" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆபத்தை உண்டாக்குபவரை விட்டுவிட்டு, அதற்கு ஒதுங்கிப் போகிறவரிடம் கேள்வி கேட்பது நம் ஊரில் சைக்கிளுக்கு மட்டும் நடப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது. என் வயதுக்காரர்கள் பலரும் அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். துண்டை மடித்துப் பாரில் சுற்றி, அதன்மேல் பிள்ளையை ஒருச்சாய்த்து உட்காரவைத்து, "காலை அகட்டி வச்சுக்கோ, ஹேண்டில்பாரை ஆட்டாத" என்று ஒரு எச்சரிக்கை. அவ்வளவுதான் அன்றைய பாதுகாப்பு ஏற்பாடு. எந்த அப்பாவையும் யாரும் வழிமறித்து விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. அதையே அம்மா செய்தால் விசாரணை. பிள்ளையைப் பற்றிய கவலையில் பாதி, சைக்கிளில் இருக்கும் பெண்ணைப் பற்றியது என்று நான் சந்தேகப்படுகிறேன்.

புதுக்கோட்டைக்காரர்கள் இந்தச் சந்தேகத்தை முப்பது வருஷத்துக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல் உடைக்கும் பெண்கள், கூலி வேலைக்காரர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பல்லாயிரம் பேர் சேலையோடும் தாவணியோடும் ஏறி ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் எனக்குப் பிடித்த தகவல் மிகச் சின்னது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பியும் வாங்கினார்கள். காரணம், அதில் பார் இருக்கிறது, பிள்ளையை உட்காரவைக்கலாம். பெண்ணுக்குச் சௌகரியம் என்று நினைத்துக் கம்பெனிக்காரர்கள் எடுத்துவிட்ட கம்பியை, அந்தப் பெண்கள் தங்கள் தேவைக்காகவே தேடிப் போயிருக்கிறார்கள். சைக்கிளை வடிவமைத்தவர்களின் மனக்கண்ணில் ஒரு பெண் இருந்தாள். ஆனால் அவள் தனியாகப் போகிறவள். இடுப்பில் பிள்ளை இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

எனக்கு அது சொந்த அனுபவமும்கூட. தமிழக அரசு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு மற்ற மாணவர்களுக்கும் விரிந்ததில், பிளஸ் ஒன் படிக்கும்போது எனக்கும் ஒன்று வந்தது. அப்போது முதல்வராக இருந்த ஜெயலலிதா எங்கள் ஆண்டிபட்டித் தொகுதியின் எம்.எல்.ஏ.வும்கூட என்பதால், சைக்கிள் அவர் வீட்டிலிருந்தே வந்ததுபோல் ஊரில் ஒரு பெருமை. பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். டியூஷனுக்கும் ரேஷன் கடைக்கும் அது என்னைக் கொண்டுபோனதற்கு நான் நன்றிக்கடன் பட்டவள். ஆனால் தாயான பிறகு அது உதவவில்லை. பழைய ஜென்ட்ஸ் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினேன்.

பாரில் மாட்டும் பேபி சீட்டுக்காகக் கடை கடையாக அலைந்ததில் ஒரு மெக்கானிக் சிரித்தார். "இதெல்லாம் இப்ப யாருக்கா கேக்குறா? எல்லாரும் ஸ்கூட்டிக்கு முன்னால வைக்கிற சேர்தான் கேக்குறாங்க." பிறகு கடைக்குப் பின்னால் போய், தூசி படிந்த ஒரு இரும்பு சீட்டைக் கொண்டுவந்தார். போல்ட்டில் துரு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். புது போல்ட் போட்டு, சீட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அவர் எடைக்கு அது வளையவில்லை. அதற்குப் பிறகுதான் முக்கியமான கேள்வியைக் கேட்டார்: "பாப்பா கால் எங்க இருக்கும்?"

அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு இன்னொரு தடவை காசு கொடுக்கலாம். சைக்கிளில் ஏறும் குழந்தைக்கு முதல் எதிரி பஸ் அல்ல, ஸ்போக்ஸ் கம்பி. சுழலும் சக்கரத்துக்குள் குதிகால் போய்விட்டால், கம்பிக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் சிக்கித் தோலோடு சதையும் பிய்ந்துவிடும், எலும்பும் முறியலாம். கேரியரில் காலைத் தொங்கவிட்டு உட்காரும் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். கால் வைக்க இரண்டு பக்கமும் தட்டு, பக்கவாட்டில் வலைக்கம்பி, பாதத்தைப் பிடிக்க ஒரு வார் - இந்த மூன்றும் போதும். மெக்கானிக் அரைமணி நேரத்தில் செய்து கொடுத்தார். செலவு, பக்கத்துக் கடையில் இரண்டு பேர் பரோட்டா சாப்பிட்டால் ஆவதைவிடக் கொஞ்சம் அதிகம்.

முன்னாலா பின்னாலா என்பது பெரிய விவாதம். கேரியரில் கட்டும் சீட்டில் குழந்தைக்கு நம் முதுகு காற்றைத் தடுக்கும். எடையும் நம் பின்னால் அடங்கும். ஆனால் அதற்குப் பார்க்கக் கிடைப்பது நம் முதுகு மட்டும். முன்னால் வைத்தால் அதற்கு உலகம் முழுவதும் கிடைக்கும், ஹேண்டில்பார் கனத்துப்போகும். எங்கள் ஊரில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: காற்று. ஆனி, ஆடியில் கணவாய் வழியே அடிக்கும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டியைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் அணைக்குப் போகும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். திரும்பும்போது வட்டியோடு வாங்கிக்கொள்ளும். முன்னால் இருக்கும் பிள்ளை கண்ணைத் திறக்க முடியாமல் தூசியைத் தின்னும். ஆடி மாதம் நான் போவதில்லை.

அணைக்குப் பக்கத்தில் மீன் பொரிக்கும் கடை ஒன்றில் ஒரு பெரியவர் கேட்டது, இதுவரை நான் சந்தித்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி. "ஏத்தா, பிள்ள தூங்கிருச்சுன்னா என்ன செய்வ?" சும்மா கேட்கவில்லை. தூங்கும் குழந்தையின் தலை ஒரு பக்கம் சாய்ந்து ஒவ்வொரு குழிக்கும் ஆடும். அந்தக் கழுத்துக்கு அந்தத் தலை கனம். ஒரு வயது நிரம்பாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு சொல்வதற்கும் காரணம் இந்தக் கழுத்துதான். "தூங்குனா இறங்கி, தோள்ல போட்டுக்கிட்டு உருட்டிக்கிட்டே போவேன் தாத்தா" என்றேன். "அப்பச் சரி" என்று பொரித்த மீனில் ஒரு துண்டை முள் எடுத்துப் பாப்பா கையில் கொடுத்தார். எனக்குச் சர்ட்டிபிகேட் கிடைத்தது அன்றுதான்.

அந்தப் பதிலை நான் கற்றுக்கொண்டது அணையிடமிருந்தே என்று சொல்லலாம். 1959-ல் காமராஜர் திறந்துவைத்த இந்த அணையில் நீரைத் தேக்கும் அளவு 71 அடி. 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது, சங்கு ஊதுவார்கள். மதுரை, ராமநாதபுரம் வரை அந்த எண்களைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். வெள்ளம் வரும் என்று பயந்து யாரும் அணையைக் காலியாக வைப்பதில்லை. காலி அணையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஏதும் ஆகாது என்று 71-ஐத் தாண்டி நிரப்புவதும் இல்லை. எந்த அளவில் சங்கு ஊத வேண்டும் என்பதை, மழை வருவதற்கு முன்பே உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளை வளர்ப்பில் நாம் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. ஒன்று, வாசலைத் தாண்ட விடமாட்டோம்; இல்லையென்றால் நடந்த பிறகு "விதி" என்போம். நடுவில் அடிக்குறி எதுவும் வைப்பதில்லை.

எனக்குச் சில அடிக்குறிகள் உண்டு. பாப்பாவைக் கடைசியில் ஏற்றுவேன், முதலில் இறக்குவேன். அவள் மேலே இருக்கும்போது ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்க மாட்டேன். ஓடும் சைக்கிளைவிட ஸ்டாண்டு போட்டு நிற்கும் சைக்கிள்தான் நம்மை ஏமாற்றி அவளோடு சாய்ந்துவிடும். அவளுக்கு ஹெல்மெட் இல்லாமல் கிளம்புவதில்லை, இருட்டியபின் இல்லை, மழையில் இல்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தால் மண்ணில் இறங்கி நின்றுவிடுவேன். கார்த்திகை, மார்கழியில் மதுரை - தேனி மெயின் ரோட்டுக்கே போவதில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் குமுளிப் பக்கம் விரட்டும் சபரிமலை வண்டிகளின் மாதங்கள் அவை.

இத்தனையும் தனி ஒரு தாயின் தலையில் ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்வியும் எனக்கு உண்டு. சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிப் போகும் படங்களைக் காட்டி "அது நெதர்லாந்து, இங்கே நடக்குமா" என்பார்கள். அங்கேயும் நடக்காத காலம் இருந்தது. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 3,000-க்கும் மேல். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளை அப்படிப் பறிகொடுத்த விக் லாங்கென்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து, 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே ஒரு இயக்கம் கிளம்பியது. பெற்றோர் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு காருக்கு ஒதுக்கிய இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சைக்கிளுக்குத் திருப்பியது. "பிள்ளையை ஏன் தெருவுக்கு விட்டாய்" என்று தாயைக் கேட்பதை நிறுத்தி, "தெருவை ஏன் இப்படி வைத்திருக்கிறாய்" என்று அரசைக் கேட்டார்கள். ஆண்டிபட்டியிலிருந்து அணைக்குப் போகும் ஏழு கிலோமீட்டருக்குத் தனிப்பாதை கேட்கும் அளவுக்கு எனக்கு ஆசை இல்லை. தாருக்கு வெளியே, இறங்கினால் சைக்கிள் கவிழாத சமமான மண் ஓரம் இரண்டு முழம் கிடைத்தால்கூடப் போதும். மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுத்த மாநிலம், அவை ஓட அந்த இரண்டு முழத்தையும் கூடவே கொடுத்திருக்கலாம்.

என் கணவருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "உனக்கு வேணும்னு போற. அவ கேட்டாளா?" என்கிறார். பதில் சொல்ல முடியாத கேள்விதான். அவள் கேட்டு நாங்கள் செய்தது என்று இதுவரை எதுவும் இல்லை. காது குத்தியதும் கேட்டுச் செய்ததல்ல, அவர் பைக்கில் அவளை முன்னால் வைத்துப் போவதும் கேட்டுச் செய்வதல்ல. இரண்டு வயதுப் பிள்ளையின் சார்பில் ஆபத்தை ஒப்புக்கொள்ள எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்றால், பெற்றவள் என்பதைத் தவிர என்னிடம் தாள் எதுவும் இல்லை. ஆனால் அந்த உரிமை எப்போது அவளிடம் திரும்பிப் போகும் என்பது தெரிய ஆரம்பித்திருக்கிறது. இப்போதெல்லாம் முன்னால் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டி வழி காட்டுகிறாள். அணைப் பக்கம் காட்டினால் திருப்புகிறேன். மெயின் ரோட்டுப் பக்கம், பஸ் பார்க்க வேண்டும் என்று காட்டினால் மாட்டேன் என்கிறேன். பெல்லைப் பிடித்துக்கொண்டு ஊர் கேட்க அழுகிறாள். டீக்கடை பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. தை பிறக்கட்டும், பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தை என்றால் என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியாது.