இயங்குதலும் விளங்குதலும்

ஒன்றைக் கற்றுவிட்டேன் என்று ஒருவர் எப்பொழுது நேர்மையுடன் கூறலாம்? அறிவாராய்ச்சியியலுக்குரிய இப்பழைய வினா, பேராதனை விடுதி அறைகளில் வலைச் சட்டகம் ஒன்றைத் தாமாகவே பயில முற்படும் மாணவர் முன்னும் எழுகின்றது. அவர்க்கு ஆசிரியர் இல்லை. கணினியும் கைந்நூலுமே துணை.

பயிலப்படும் பொருளின் இயல்பை முதலில் நோக்குதல் வேண்டும். இணையத்தளங்களை அமைப்பதற்கெனப் பிறர் முன்கூட்டியே எழுதிவைத்த நிரல்களின் கட்டுக்கோப்பே வலைச் சட்டகம். கணித வாய்பாட்டை நாம் வேண்டியபோது எடுத்தாளுகின்றோம். சட்டகத்திலோ நிலைமை தலைகீழானது. நாம் எழுதும் சிறு பகுதிகளைத் தனக்கு வேண்டிய வேளையில் அதுவே அழைத்து இயக்குகின்றது. மாணவர் கைந்நூல் கூறியவாறு செய்கின்றார். பக்கம் திரையில் தோன்றுகின்றது. ஏன் தோன்றிற்று என்பதை அவர் அறியார்.

இதனை அறிவு எனலாமா? கில்பேட் றைல் 1949இல் வெளியிட்ட நூலிலே, செயல்திறன் கோட்பாட்டறிவின் வெறும் நிழலன்று என வாதிட்டார். அவ்வழி நோக்கின் மாணவரின் கைத்திறனும் அறிவே. எனினும் வெறும் பழக்கத்தை றைலும் திறனாகக் கொள்ளவில்லை. திறனுடையோர் தம் பிழையைத் தாமே கண்டு திருத்துவர். ஆகவே பக்கம் தோன்றும் வேளையைக் காட்டிலும், அது தோன்ற மறுக்கும் வேளையிலேதான் கல்வி சோதிக்கப்படுகின்றது.

இராமானுசனுக்கு 1903இல் கிடைத்த காரின் கணிதத் தொகுப்பில் ஏறத்தாழ 5000 தேற்றங்கள் இருந்தன. நிறுவல்களோ மிகச் சுருக்கம். நூல் கூறாது விட்டதே அவருக்கு வேலையாயிற்று. நமது கைந்நூல்கள் பார்த்தெழுதத்தக்க விடையை உடனே தந்துவிடுகின்றன. (கேள்வி முடியுமுன்னரே விடை தரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி இங்கு கூறப்புகின் கட்டுரை நீளும்.)

அனைத்தையும் அடிவரை அறிந்த பின்னரே எதையும் செய்யவேண்டும் என்பது எவர்க்கும் இயலாத கட்டளை. மகாவலியின் மேலுள்ள பாலத்தைக் கடப்போர் அதன் தாங்குவலுவைக் கணித்துவிட்டா கடக்கின்றனர்? ஆனால் கடப்போர் பெறும் இச்சலுகையைக் கட்டுவோர் கோரமுடியாது. தளம் அமைக்கும் மாணவர் இவ்விரு நிலையிலும் ஒருங்கே நிற்கின்றார் என்பதே சிக்கல்.

நம் நாட்டு உதாரணமொன்றை நோக்குவோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையை அடுத்து, இலங்கைக் கணினித் தொண்டர்கள் 'சஹன' என்னும் நிவாரண மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோர் பதிவேடும் முகாம்களின் பதிவேடும் அதில் இடம்பெற்றன. முதலில் பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட அது, பின்னர் 'ஈடன்' என்னும் பெயருடன், பைதன் மொழியிலமைந்த வெப்டுபை சட்டகத்தின் மீது புதிதாக எழுதப்பட்டது. ஆகவே அதிற் பங்குகொள்ள விழைந்தோர் வேறொரு மொழியையும் சட்டகத்தையும் பயிலவேண்டியதாயிற்று. 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது அது பயன்பட்டது.

இத்தகைய பதிவேடொன்றை நம் மாணவர் அமைப்பதாகக் கொள்வோம். தாயொருத்தி மகனின் பெயரைத் தேடுகின்றாள். முகாமில் அப்பெயர் ஆங்கில எழுத்தில் வேறுவிதமாகப் பதியப்பட்டுள்ளது. 'இல்லை' என விடை வருகின்றது. நிரலில் பிழையேதும் தோன்றவில்லை. எல்லாம் செவ்வனே இயங்குகின்றது. சட்டகம் எழுத்துகளை எவ்வாறு ஒப்பிடுகின்றது என்பதை அறியாதிருத்தல் இங்கு வெறும் அறியாமையா? பிறர் நம்மை நம்பத் தொடங்கும் இடத்தில், ஏன் என்று கேட்பது அறக்கடமையாகிவிடுகின்றது என்பதே என் துணிபு.

இதனை எழுதும் தகுதி எனக்கு முழுமையாக உண்டென்று கூறேன். நான் முதன்முதல் அமைத்த தளத்தில் படிவமொன்று ஏற்கப்படாது திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டது. சட்டகத்தின் சோதனையொன்றை நிறுத்தும் வரியை எங்கோ கண்டு சேர்த்தேன். படிவம் இயங்கிற்று, மகிழ்ந்தேன். பயனரின் பெயரால் வேறொரு தளம் கள்ளத்தனமாக விண்ணப்பம் அனுப்புவதைத் தடுக்கும் காவலே அச்சோதனை என்பதைச் சில மாதங்கள் கழித்தே அறிந்தேன். அதற்குள் பலர் அப்படிவத்தில் தம் விபரங்களை நிரப்பியிருந்தனர்.