கோணிய கட்டும் எச்ச அனுமானமும்

விளைவிலிருந்து காரணத்தை அறிய முடியுமா என்பது அளவை நூலார் நெடுங்காலம் வாதாடிய கேள்வி. மணிமேகலையில் சமயக் கணக்கரின் கொள்கைகளைச் சொல்லும் காதை, அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பிரிக்கிறது. ஆற்றில் வெள்ளம் கண்டு மழை பெய்தது எனத் துணிவது எச்சம். கருமேகம் கண்டு மழை வரும் என்பது முதல். எச்சத்துக்கு எதிரான மறுப்பு நியாய மரபின் மூல நூலான நியாய சூத்திரத்திலேயே இருக்கிறது. அணை போட்டு அடைத்தாலும் நீர் உயருமே, அப்போது மழையை எப்படி ஊகிப்பது? 1843இல் வெளிவந்த தர்க்க நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில்லும், ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்பதைப் பெரிய இடையூறாகவே கருதினார்.

வெள்ளத்தையும் மேகத்தையும் சற்று ஓய்வெடுக்க விட்டு, உலர்புல்லைச் செவ்வகக் கட்டாக்கும் பேலரை எடுத்துக்கொள்ளலாம். டிராக்டர் இழுக்கும் இந்த எந்திரம் வரிசையாகக் கிடக்கும் புல்லை வாரி, பக்கவாட்டில் ஓர் அறைக்குள் ஊட்டுகிறது. பிளஞ்சர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மடிப்பை அழுத்துகிறது. அதோடு செல்லும் கத்தி, நுழைவாயிலில் துருத்தும் புல்லை வெட்டுகிறது. போதிய மடிப்புகள் சேர்ந்ததும் இரண்டு கயிறுகள் கட்டை இறுக்குகின்றன. நேராக வர வேண்டிய இந்தக் கட்டு சில வேளை வாழைப்பழம்போல் வளைந்து விழும்.

வளைவு ஒன்று, காரணமோ பல. புல்வரிசை மெலிந்திருந்தால் புல் அறையின் மறுகோடி வரை எட்டாமல் நுழைவாயில் பக்கமே குவியும். கத்தி மழுங்கினாலும், அசையாமல் நிற்கும் எதிர்க்கத்தியோடு உள்ள இடைவெளி மிகுந்தாலும் புல் வெட்டுப்படாமல் இழுபடும். இரு பக்க அழுத்தச் சட்டங்களின் ஸ்பிரிங்குகள் சமமாக இறுகாமல் இருக்கலாம். ஒரு கயிறு மற்றதைவிடக் குட்டையாகியிருக்கலாம்.

மறுப்பாளர் வென்றதுபோல் தோன்றும். ஆனால் நியாய மரபின் விடை கூர்மையானது. அணையால் உயர்ந்த நீரும் மழை வெள்ளமும் ஒன்றல்ல என்கிறது அது. மழை வெள்ளத்தில் வேகமும் நுரையும் உண்டு, இலையும் கட்டையும் மிதந்து வரும் என்று உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விரிக்கிறார். பிழை அனுமானத்தில் இல்லை, பொதுவான அடையாளத்தோடு நின்றுவிட்டவரிடம் இருக்கிறது. கோணிய கட்டிலும் அப்படியே. மடிப்புகள் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் தொளதொளவென்று இருந்தால், ஊட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். வெட்டுப் பக்கத்தில் வால்வாலாகப் புல் தொங்கி மடிப்புகளைப் பின்னினால் கத்தி. மடிப்புகள் சமமாக இருந்தும் ஒரு கயிறு மட்டும் ஆழப் பதிந்தால் கயிறு. ‘வளைந்த கட்டு’ என்ற விவரணை கரடுமுரடானது என்பதால்தான் காரணங்கள் பலவாகத் தெரிகின்றன.

ஊகத்தைச் சோதிக்க மில் தரும் வேற்றுமை முறை உதவும்: மற்ற எதையும் தொடாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அவசரத்தில் டிராக்டரின் வேகத்தையும், புல்லை அறைக்குள் ஊட்டும் விரல்போன்ற கம்பிகளையும் ஒருசேர மாற்றுகிறவர் நல்ல கட்டைப் பெறலாம், அறிவைப் பெறமாட்டார். இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. ஊட்டம் கோணலாக இருக்க, ஒரு பக்கத்து ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கினால் வளைவு ஓரளவு மறையலாம். பரிகாரம் பலித்தது, ஸ்பிரிங் காரணமாக இருந்ததில்லை. புல்வரிசையின் பருமன் மாறியதும் கோணல் திரும்ப வரும்.

இரண்டு கோளாறுகள் ஒருங்கே சேர்ந்து அடையாளங்களைக் கலக்கும்போதும், கயிறு அறுந்து கட்டு சிதறிவிட்டபோதும், எச்சத்துக்குப் பற்றுக்கோடு இல்லை. அங்கே முதல் வகைதான் மிஞ்சுகிறது: கத்தியின் கூர்மை, எதிர்க்கத்தி இடைவெளி, ஸ்பிரிங்குகளின் நீளம், கயிற்றின் இறுக்கம் ஆகியவற்றை எந்திரத்திலேயே அளந்து, அடுத்த கட்டு எப்படி வரும் என்று முன்கூட்டிச் சொல்வது.